மொரார்ஜி தேசாயின் பதவி விலகலும் திருச்சபையின் நன்றி மன்றாட்டும்

1979ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று இந்தியாவின் பிரதமர் மொரார்ஜி தேசாய் தமது பதவி விலகல் கடிதத்தைக் குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டியிடம் அளித்தார். நாடு விடுதலை பெற்ற பின்னர்ப் பிரதமர் ஒருவர் தம் பதவிக் காலம் முடியுமுன்னரே பெரும்பான்மையை இழந்து விலகியது அதுவே முதன்முறை.

அப்பொழுது எனக்குப் பத்து வயது. என் தந்தையார் ஒரு சிற்றூர்ச் சபையில் உபதேசியாராக ஊழியம் செய்து வந்தார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் சபை மூப்பர் ஒருவர் பொது மன்றாட்டை ஏறெடுத்தார். திருச்சபையை ஒடுக்க எண்ணியவர்களை ஆண்டவர் ஆசனத்தினின்று தள்ளிவிட்டார் என்று சொல்லி அவர் நன்றி செலுத்தியபோது, சபையார் அனைவரும் உரத்த குரலில் ஆமென் என்றனர். ஆராதனை முடிந்து அனைவரும் கலையும் வேளையில், ரயில் பாதையில் கேங்மேனாக வேலை பார்த்த பெரியவர் ஒருவர் என் தந்தையாரிடம் வந்து, "ஜெகஜீவன்ராமுக்கு இந்தத் தடவையாவது கொடுப்பார்களா, ஐயா?" என்று கேட்டார். தந்தையார் சிறிது நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார். பின்பு, "தெரியவில்லையே" என்றார்.

அந்த நன்றி மன்றாட்டும் அந்தக் கேள்வியும் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் என் நினைவை விட்டு நீங்கவில்லை. ஒரு நாட்டின் தலைவர் வீழ்ந்தபோது மக்கள் அதை எவ்வாறு ஏற்றனர், அவர்களுள் ஒரு பகுதியினராகிய நாம் எவ்வாறு ஏற்றோம், அவ்வாறு ஏற்றது முறையா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1977இன் எதிர்பார்ப்பு

மக்களின் ஏமாற்றத்தை அறிய வேண்டுமானால், முதலில் அவர்களுடைய எதிர்பார்ப்பை அறிதல் வேண்டும். 1975 ஜூன் 25ஆம் நாள் இரவில் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை ஏறத்தாழ 21 மாதங்கள் நீடித்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. வட மாநிலங்களில் கட்டாயக் கருத்தடை ஏழை மக்களைப் பெரிதும் வாட்டியது. 1977 ஜனவரி 18ஆம் நாள் இந்திரா காந்தி அம்மையார் பொதுத் தேர்தலை அறிவித்தபோது, சிறையினின்று வெளிவந்த தலைவர்கள் வியப்புறும் விரைவில் ஒன்றுகூடினர். பழைய காங்கிரஸ், பாரதீய ஜனசங்கம், பாரதீய லோக் தளம், சோஷலிஸ்ட் கட்சி ஆகிய நான்கும் ஜனதா கட்சி என்னும் ஒரே பெயரில் தேர்தலைச் சந்தித்தன. பிப்ரவரித் தொடக்கத்தில் பாபு ஜெகஜீவன்ராம் காங்கிரஸை விட்டு விலகி ஜனநாயகக் காங்கிரஸைத் தோற்றுவித்து இவர்களோடு உடன்பாடு கொண்டார்.

மார்ச் மாதத்தில் வாக்குகள் எண்ணப்பட்டபோது, உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களில் ஒன்றும் காங்கிரசுக்குக் கிட்டவில்லை. பீகாரின் 54 இடங்களிலும் அதுவே நிலை. இந்திரா காந்தி அம்மையாரே ரேபரேலித் தொகுதியில் ராஜ்நாராயணிடம் தோல்வியுற்றார். ஜனதா கட்சியின் புதிய உறுப்பினர்கள் மார்ச் 24ஆம் நாள் காந்தியடிகளின் நினைவிடமாகிய ராஜ்காட்டில், ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில், ஒன்றுபட்டு மக்களுக்குத் தொண்டாற்றுவதாக உறுதிமொழி எடுத்தனர். அன்றே 81 வயதான மொரார்ஜி பிரதமராகப் பொறுப்பேற்றார்.

தென்னகம் வேறு வழியில் வாக்களித்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 34ஐ அண்ணா தி.மு.க.வும் காங்கிரசும் அடங்கிய அணியே வென்றது. ஆதலால் வடக்கே மக்கள் வீதிகளில் ஆடிப்பாடிக் கொண்டாடிய வெற்றியை நம்முடைய ஊர்கள் தொலைவிலிருந்தே கண்டன. பின்னர் அந்த ஆட்சி வீழ்ந்தபோது நாம் அதற்காக வருந்தாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பிளவின் வேர்கள்

ராஜ்காட்டில் உறுதிமொழி எடுத்த நாளிலேயே பிளவின் விதையும் விதைக்கப்பட்டிருந்தது. பிரதமராக யாரைத் தெரிந்தெடுப்பது என்னும் வினாவுக்கு உறுப்பினர்களின் வாக்கெடுப்பால் விடை காணப்படவில்லை. ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஆச்சார்ய கிருபளானியும் கருத்துக் கேட்டு முடிவு கூறும்படி விடப்பட்டது. மருத்துவமனையிலிருந்த சரண் சிங், ஜெகஜீவன்ராம் வருவதைத் தடுக்கும் பொருட்டு மொரார்ஜிக்கு ஆதரவளித்துக் கடிதம் அனுப்பினார். மனம் புண்பட்ட ஜெகஜீவன்ராம் அன்றைய பதவியேற்பு விழாவுக்கு வரவில்லை. சில நாட்கள் கழித்தே அமைச்சரவையில் சேர்ந்தார். மூவரும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தனர். ஆயினும் மூவரும் தனித்தனியே பிரதமர் பதவியை நோக்கியிருந்தனர்.

1978 ஜூன் இறுதியில் சரண் சிங்கும் ராஜ்நாராயணும் அமைச்சரவையை விட்டு விலகும்படி பிரதமரால் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள், தம் பிறந்த நாளன்று, சரண் சிங் டில்லியில் உழவர் பேரணி ஒன்றைக் கூட்டித் தம் வலிமையைக் காட்டினார். 1979 ஜனவரியில் அவர் துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் திரும்ப அழைக்கப்பட்டார். ஜெகஜீவன்ராமும் துணைப் பிரதமரானார். புண் மேலே ஆறியதேயன்றி உள்ளே ஆறவில்லை.

இதனோடு கொள்கைப் பிணக்கு ஒன்றும் சேர்ந்தது. ஜனசங்கத்திலிருந்து வந்தவர்கள் ஜனதா கட்சியின் உறுப்பினர்களாக இருந்துகொண்டே ராஷ்டிரீய ஸ்வயம்சேவக் சங்கத்தோடும் தொடர்பு வைத்திருக்கலாமா என்னும் இரட்டை உறுப்பினர் சிக்கலே அது. மது லிமாயி முதலிய சோஷலிஸ்டுகள் இவ்வினாவை வன்மையாக எழுப்பினர். 1979 ஜூனில் ராஜ்நாராயண் கட்சியை விட்டு வெளியேறினார். ஜூலை 11ஆம் நாள் எதிர்க்கட்சித் தலைவர் ஒய். பி. சவாண் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். உறுப்பினர்கள் நாள்தோறும் அணி மாறினர். இளமையில் குருத்துவப் பயிற்சிக்கெனப் பெங்களூர் சென்று பின்னர் அதை விட்டுத் தொழிற்சங்கப் பணியில் இறங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ், அத்தீர்மானத்தின்மேல் அரசை ஆதரித்து ஆற்றல்மிக்க உரையொன்று நிகழ்த்தினார். சில நாட்களுக்குள் அவரும் அமைச்சர் பதவியை விட்டு எதிரணிக்குச் சென்றார். தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருமுன்னரே மொரார்ஜி பதவி விலகினார்.

பின் நிகழ்ந்தவை விரைவானவை. முதலில் அழைக்கப்பட்ட சவாணால் அமைச்சரவை அமைக்க இயலவில்லை. இந்திரா காந்தி அம்மையாரின் கட்சி வெளியிலிருந்து ஆதரவளிக்க, ஜூலை 28ஆம் நாள் சரண் சிங் பிரதமரானார். ஆகஸ்டு 20ஆம் நாள் அவர் மக்களவையின் நம்பிக்கையைக் கோர வேண்டியிருந்தது. அதற்குள் அந்த ஆதரவு விலக்கிக்கொள்ளப்பட்டமையால், அவையைச் சந்திக்காமலே அவரும் பதவி விலகினார். அவருடைய அமைச்சரவையில் அண்ணா தி.மு.க.வைச் சேர்ந்த சத்தியவாணி முத்து அம்மையாரும் பாலா பழனூரும் ஆகஸ்டு 19ஆம் நாள் இடம்பெற்றனர். திராவிட இயக்கத்தார் மத்திய அமைச்சரவையில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. அதற்கு மறுநாளே அமைச்சரவை பதவி விலகிவிட்டது. ஆகஸ்டு 22ஆம் நாள் மக்களவை கலைக்கப்பட்டது.

மக்கள் கொண்ட மனநிலை

மொரார்ஜியின் விலகல் மக்களிடையே எத்தகைய உணர்ச்சியை எழுப்பிற்று? 1977இல் தேர்தல் முடிவுகளை அறியத் தலைநகரின் செய்தித்தாள் அலுவலகங்களின் முன்னே நள்ளிரவிலும் மக்கள் திரண்டு நின்றனர். 1979இல் அத்தகைய திரளை அழுகைக்காகவும் காண முடியவில்லை. ஆரவாரத்துக்காகவும் காண முடியவில்லை. மக்களை ஆட்கொண்டது ஒருவகைச் சலிப்பே. தாங்கள் நம்பி வாக்களித்தவர்கள் தங்களை மறந்து பதவிக்காகத் தம்முள் போராடுவதை அவர்கள் கண்டனர். அதே ஆண்டில் மழை பொய்த்து வறட்சி தாக்கியது. விலைகள் ஏறின. மண்ணெண்ணெய்க்கு மக்கள் வரிசையில் நின்றனர். பல மாநிலங்களில் காவலரே கிளர்ச்சி செய்தனர். ஜாம்ஷெட்பூரில் ஏப்ரல் மாதத்தில் மதக் கலவரம் மூண்டு பலர் உயிரிழந்தனர்.

இந்தச் சலிப்பின் ஆழத்தை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அவ்வாண்டு மார்ச்சிலேயே நடந்தது. நோயுற்றிருந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டார் என்று பிரதமரே மக்களவையில் அறிவித்தார். அவை இரங்கல் தெரிவித்துக் கலைந்தது. ஆனால் அவர் பம்பாய் மருத்துவமனையில் உயிரோடிருந்தார். கட்சியைப் பெற்றெடுத்த பெரியவர் உயிரோடிருக்கிறாரா என்பதையும் அறியாத நிலையில் கட்சி இருந்தது. தாம் ஒன்றுசேர்த்த வீடு பிளவுண்டதைக் கண்ட பின்னரே, அக்டோபர் 8ஆம் நாள், ஜெயப்பிரகாஷ் கண்மூடினார்.

மக்களின் முடிவான மறுமொழி 1980 ஜனவரித் தேர்தலில் வெளிப்பட்டது. 1977இல் வாக்காளருள் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வாக்களித்திருந்தனர். 1980இல் அது ஏறத்தாழ 57 விழுக்காடாகக் குறைந்தது. 1977இல் மக்கள் புறக்கணித்த இந்திரா காந்தி அம்மையாரின் கட்சி 353 இடங்களைப் பெற்றது. ஜனதா கட்சிக்குக் கிடைத்தவை 31 இடங்களே. நெருக்கடி நிலையை மக்கள் மன்னித்துவிட்டனர் என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தகாது. ஆளத் தெரிந்தவர்கள் யார் என்னும் ஒரு வினாவே அவர்கள்முன் நின்றது. அதற்கு அவர்கள் விடை கூறினர்.

தியாகி மசோதாவும் நம் அச்சமும்

இனி நம் சபைகளின் நிலைக்கு வருவோம். 1978 டிசம்பர் 22ஆம் நாள் ஜனதா உறுப்பினர் ஓ. பி. தியாகி மதச் சுதந்திர மசோதா என்னும் பெயரில் ஒரு தனி உறுப்பினர் மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தார். வன்முறை, ஆசை காட்டுதல், ஏமாற்று ஆகியவற்றால் ஒருவரை மதம் மாற்றுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குவதே அதன் நோக்கமென்று கூறப்பட்டது. இத்தகைய வழிகளால் மதம் மாற்றுவதைத் திருச்சபையும் ஏற்பதில்லை. ஆயினும் இச்சொற்கள் எல்லையின்றி விரியக் கூடியவை. ஏழைக்குக் கல்வி அளிப்பதும் நோயாளிக்கு மருந்து கொடுப்பதும் ஆசை காட்டுதலாகக் கருதப்படுமோ என்று திருச்சபையார் அஞ்சினர். பிரதமரும் மசோதாவின் நோக்கத்தை ஆதரித்துப் பேசியமையால் அச்சம் பெருகிற்று. 1979 மார்ச்சில் நாட்டின் பல நகரங்களில் கிறிஸ்தவர்கள் அமைதியான பேரணிகள் நடத்தினர். அன்னை தெரசா பிரதமருக்குத் திறந்த மடல் ஒன்று எழுதினார். கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் ஒரே குரலில் பேசியது அந்நாட்களின் சிறப்பு எனலாம்.

ஆகவே ஜூலையில் ஆட்சி வீழ்ந்து, ஆகஸ்டில் மக்களவை கலைந்து, மசோதா தானாகவே மாண்டுபோனபோது, நம் சபைகளில் எழுந்த நன்றிப் பெருக்கு இயல்பானதே. அச்சமுற்றவர் ஆறுதலடைவதைக் குற்றமென யாரும் கூறார். ஆயினும் ஆறுதல் வேறு. தேவன் நமக்காகவே ஓர் ஆட்சியைக் கவிழ்த்தார் என்று தீர்ப்புரைத்தல் வேறு. வரலாறு அத்தீர்ப்பைத் தாங்குகின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

மொரார்ஜியின் ஆட்சி மசோதாவினால் வீழவில்லை. பதவிப் போட்டியும் இரட்டை உறுப்பினர் சிக்கலுமே அதை வீழ்த்தின. மசோதா ஒரு தனி உறுப்பினரால் கொண்டுவரப்பட்டது. 1970ஆம் ஆண்டுக்குப் பின்னர் அத்தகைய மசோதா ஒன்றேனும் இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானதில்லை. அன்றியும், நம் உரிமைக்குப் பெருந்தடையாக வந்த தீர்ப்பு மொரார்ஜியின் காலத்தில் வந்ததன்று. ஒரிசா 1967இலும் மத்தியப் பிரதேசம் 1968இலும் மதமாற்றத் தடைச் சட்டங்களை இயற்றின. அவை இரண்டும் செல்லும் என்றும், மதத்தைப் பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்றும் உச்ச நீதிமன்றம் 1977 ஜனவரி 17ஆம் நாள் தீர்ப்பளித்தது. அது நெருக்கடி நிலை நிலவிய காலம். தேர்தல் அறிவிக்கப்படுவதற்கு முந்தின நாள். 1979 ஆகஸ்டில் மக்களவை கலைந்தபோது தியாகி மசோதா மறைந்தது; இச்சட்டங்களோ மறையவில்லை. பின்வந்த ஆண்டுகளில் வேறு மாநிலங்களும் அவற்றைப் பின்பற்றின. தமிழ்நாட்டிலேயே 2002இல் அத்தகைய சட்டம் ஒன்று பிறந்து, 2004இல் திரும்பப் பெறப்பட்டது.

நாம் காணத் தவறியவை

நம் நன்றி மன்றாட்டில் இடம்பெறாத செய்திகள் மூன்று.

முதலாவது, நாம் பேரணி நடத்திய உரிமை யாரால் வந்தது என்பது. 1976இல் அத்தகைய பேரணியை நினைத்தும் பார்த்திருக்க இயலாது. விசாரணையின்றிச் சிறையிலிடும் மிசாச் சட்டத்தை அகற்றியது ஜனதா ஆட்சியே. உயிர் வாழும் உரிமையை நெருக்கடிக் காலத்திலும் நிறுத்தி வைக்கலாகாது என்றும், உள்நாட்டுக் குழப்பம் என்னும் பொதுக் காரணத்தைக் காட்டி நெருக்கடி நிலையை அறிவிக்கலாகாது என்றும் அரசியலமைப்பின் 44ஆம் திருத்தத்தால் வகை செய்ததும் அவ்வாட்சியே. சிறுபான்மையினருக்கென ஓர் ஆணையத்தை 1978 ஜனவரியில் முதன்முதலாக அமைத்ததும் அதுவே. ஒரே அரசு நமக்கு அச்சத்தையும் அளித்தது. அந்த அச்சத்தை வாய்விட்டுச் சொல்லும் உரிமையையும் மீட்டளித்தது. முன்னதை நினைத்தோம், பின்னதை மறந்தோம்.

இரண்டாவது, நம்முடைய மௌனம். நெருக்கடி நிலையில் பிறர் சிறையிலிருந்தபோது திருச்சபைத் தலைவர்களுள் பலர் வாய் திறக்கவில்லை. சிலர் அதை வரவேற்கவும் செய்தனர். மார் தோமா திருச்சபையின் பேராயர் யூஹானோன் மார் தோமா, நெருக்கடி நிலையை நீக்குமாறு பிரதமருக்கு எழுதிய கடிதமும், இறையியலறிஞர் எம். எம். தாமஸ் அக்காலத்தில் துணிந்து எழுதிய கட்டுரைகளும் விதிவிலக்குகளாகவே நிற்கின்றன. பிறர் உரிமைக்காக 1975இல் வாய் திறவாத நாம், 1979இல் நம் உரிமைக்காக வீதிக்கு வந்தோம். வந்தது தவறன்று. ஆனால் முன்னே வராமற்போனது, பின்னே வந்ததன் வலிமையைக் குறைத்தது என்பதை ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும்.

மூன்றாவது, அந்தக் கேங்மேன் கேட்ட கேள்வி. அவர் தலித் மக்களுள் ஒருவர். ஜெகஜீவன்ராம் 1956 முதல் 1962 வரை ரயில்வே அமைச்சராக இருந்தவர். அதனால் ரயில் தொழிலாளரிடையே அறிமுகமான பெயர் அது. பீகாரில் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்து, 1946இல் அமைந்த இடைக்கால அரசிலேயே அமைச்சராகி, 1971ஆம் ஆண்டுப் போரின்போது பாதுகாப்புத் துறையை ஏற்றிருந்தவர். ஆட்சி அனுபவத்தில் அவருக்கு நிகரானவர் சிலரே. 1977இல் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. 1979இல் மொரார்ஜி பிரதமர் பதவியை விட்டாரேயன்றிக் கட்சியின் பாராளுமன்றத் தலைமையை உடனே விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் ஜெகஜீவன்ராம் முன்வர வேண்டிய நாட்கள் வீணாகக் கழிந்தன. பின்னர் அவர் தலைவரானார். சரண் சிங் விலகியபின் தமக்கு வாய்ப்பளிக்குமாறு அவர் கேட்டார். குடியரசுத் தலைவரோ அவரை அழையாமல் மக்களவையைக் கலைத்தார். தலித் மக்களுள் ஒருவர் பிரதமராகும் வாய்ப்பு அவ்வளவு அருகில் வந்து அகன்றது. இன்றளவும் அப்பதவிக்குத் தலித் ஒருவர் வரவில்லை.

தமிழகத்துச் சீர்திருத்தத் திருச்சபைகளில் வழிபடுவோருள் மிகப் பலர் தலித் மக்களே என்பது யாவரும் அறிந்தது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் கிறிஸ்தவரான தலித் மக்களுக்குப் பட்டியல் சாதியினர்க்குரிய சலுகைகள் மறுக்கப்பட்டன. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அவை அளிக்கப்பட்டன; நம்மவருக்கு அளிக்கப்படவில்லை. இத்தகைய சபை 1979 ஜூலையில் டில்லியை நோக்கியபோது, மசோதா ஒன்றையே கண்டது. தன் பலகைகளில் அமர்ந்திருந்தவர்களின் நெஞ்சில் எழுந்த கேள்வியைக் காணவில்லை. மூப்பரின் மன்றாட்டுக்குச் சபை முழுவதும் ஆமென் சொன்னது. கேங்மேனின் கேள்வியோ மன்றாட்டில் இடம்பெறாமல், ஆலய வாசலுக்கு வெளியே கேட்கப்பட்டது.

திருமறை காட்டும் நெறி

அரசர்களைத் தள்ளுகிறவரும் ஏற்படுத்துகிறவரும் தேவனே என்னும் தானியேலின் அறிக்கை நம் விசுவாசத்தின் ஒரு பகுதி. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்த வீழ்ச்சி எந்தக் காரணத்துக்காக நேர்ந்தது என்பதை நம் விருப்பப்படி எழுதிக்கொள்ளும் அதிகாரத்தை அது நமக்குத் தருவதில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்களைப்பற்றி மக்கள் ஒருவகைக் கணக்கு வைத்திருந்தபோது, ஆண்டவர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. கேட்டவர்களையே மனந்திரும்ப அழைத்தார். வீழ்ந்தவரைக் குறித்து நாம் கூறும் தீர்ப்பைவிட, அவ்வீழ்ச்சி நம்மிடம் கேட்கும் கேள்வியே முதன்மையானது என்று அதனால் அறிகிறோம்.

தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம், அரசருக்காகவும் அதிகாரத்திலுள்ள யாவருக்காகவும் மன்றாடவும் நன்றி செலுத்தவும் சபைக்குக் கற்பிக்கிறது. அது கிறிஸ்துவை அறியாத பேரரசின் காலம். அவர்களுக்காக நன்றி செலுத்துமாறு அறிவுரை உண்டு. அவர்களின் வீழ்ச்சிக்காக நன்றி செலுத்துமாறு அறிவுரை இல்லை. எரேமியா பாபிலோனிலிருந்த சிறையிருப்பினருக்கு எழுதிய கடிதத்தில், அந்த அயல் நகரத்தின் சமாதானத்தைத் தேடும்படியாகவே கட்டளையிட்டார். நகரத்தின் நலமும் அவர்களின் நலமும் பிரிக்கலாகாதவை என்பதே அவர் கூறிய காரணம்.

ஒரு தலைவர் பதவி துறக்கும் நாளில், கட்சியொன்று பிளவுறும் நாளில், நம் ஆயர்களும் உபதேசியார்களும் பொது மன்றாட்டை ஆயத்தம் செய்யும்போது, மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்வது நலம். விலகியவர் நாட்டுக்குச் செய்த நன்மை யாது. அதற்கு நாம் நன்றி கூறினோமா? இந்த மாற்றத்தால் நமக்கு ஆறுதல் கிட்டியிருப்பின், அதே மாற்றத்தால் துயருறுகிறவர் யார், அவர்களை நினைத்தோமா? நம் சபையில் பேசாமல் அமர்ந்திருப்பவரின் மனத்தில் இன்று எழும் கேள்வி யாது, அதைக் கேட்டறிந்தோமா?

மொரார்ஜி தேசாய் பதவியிழந்த பின்னர்ப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1991இல் பாரத ரத்னா விருது பெற்று, 1995 ஏப்ரலில், தம் நூறாம் வயதில் மறைந்தார். காந்திய நெறியில் ஊன்றிய அவர் மதமாற்றத்தை ஏற்காதவர். அவ்வகையில் நாம் அவரோடு உடன்படுவதற்கில்லை. ஆயினும் 19 மாதங்கள் சிறையிலிருந்தவர், அதிகாரம் கைக்கு வந்தபோது அதற்கு எல்லை வகுத்தார். பெரும்பான்மை போனபோது படையையும் சட்டத்தையும் துணைக்கழையாமல் கடிதம் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினார். இந்த ஒன்றுக்காகவாவது 1979 ஜூலை 22ஆம் நாளில் நாம் நன்றி செலுத்தியிருக்கலாம்.

அந்த மூப்பரும் கேங்மேனும் என் தந்தையாரும் இன்று இவ்வுலகில் இல்லை. தந்தையார் தம் இறுதிக் காலத்தில் ஒருமுறை இந்நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தபோது, "அன்று அவர் கேட்டதை அடுத்த வாரம் மன்றாட்டில் சேர்த்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை" என்றார். நாட்டிலே அதைப்போன்ற ஞாயிறுகள் இன்னும் வரும். அன்று பீடத்தில் நிற்கப்போகிறவர்கள், இக்கல்லூரியில் இன்று பயிலும் மாணவர்கள்.